சுமையும் நடையும்

அமெரிக்காவில் ஜார்ஜியா முதல் மெய்ன் வரை 3,200 கிலோமீட்டருக்கும் மேலாக நீள்வது அப்பலாச்சியன் மலைப்பாதை. 1955ஆம் ஆண்டு அதனைத் தனியொருவராக நடந்து கடந்த எம்மா கேட்வுட் அம்மையாருக்கு அப்போது அகவை 67. தாமே தைத்த துணிப்பையும், மழைக்கெனக் குளியலறைத் திரைச்சீலையும் அவருடைய உடைமைகள். முந்தைய ஆண்டு மெய்ன் காட்டில் வழிதவறி, மூக்குக்கண்ணாடி உடைந்து, வீடு திரும்பியவர் அவர் என்பதும் நினைக்கத்தக்கது.

முதன்முறை நெடுநடை செல்வோர் எதை எடுத்துச் செல்வது என்றே எண்ணுகின்றனர். எதை விட்டுச் செல்வது என்று எண்ணுவோர் சிலரே. முதுகுச்சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கினை விஞ்சலாகாது என்பது நடைப்பயணியரின் பொதுக்கணக்கு. 60 கிலோ எடையுடையவர் 12 கிலோ சுமக்கலாம். கூடாரம், உணவு மட்டுமன்றி நீரும் அதனுள் அடங்கும்; ஒரு லிட்டர் நீரே ஒரு கிலோ அல்லவா? கனமானவற்றை முதுகை ஒட்டி அடுக்கி இடுப்புவாரை இறுக்கினால், சுமையின் பெரும்பகுதி தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும்.

புறப்படுமுன் அதே பையோடும் காலணியோடும் ஓரிரவு வெளியில் தங்கிப் பார்த்தல் வேண்டும். திரும்பியபின் பையைப் பிரித்தால் தொடப்படாத பொருள்கள் பல கிடக்கும், பெரும்பாலும் மாற்றுடைகளே. மருந்துப்பை தவிர மற்றவற்றை நீக்கிவிடலாம்.

செல்லும் வழியையும் திரும்பும் நாளையும் வீட்டில் எழுதிக் கொடுத்தல் இன்றியமையாதது. எம்மா தம் மக்களிடம் நடந்துவரப் போவதாக மட்டுமே கூறிச் சென்றார். அந்த ஒன்றில் அவரைப் பின்பற்ற வேண்டா.