மாடிக்கு ஓடு!

ஒரு கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் எங்கள் வீடு முழுக்க விருந்தாளிகள். மலையுச்சியில் தீபம் ஏற்ற இன்னும் சற்று நேரம்தான். குளியலறையில் ‘டப்’பென்று ஒரு சத்தம். குழாயின் எல்போ உடைந்து, தண்ணீர் எதிர்ச்சுவரில் பீய்ச்சி அடித்தது. நான் துண்டை வைத்து அழுத்தினேன். நூலிழைகளுக்கு நடுவே தண்ணீர் வழி கண்டுபிடித்துக்கொண்டே இருந்தது. அத்தை கத்தினார்: “டேய், அங்க என்னடா பண்ற? மாடிக்கு ஓடு, வால்வை மூடு!”

ஓடினேன். டேங்குக்குக் கீழிருந்த கேட் வால்வை வலப்பக்கமாகத் திருகினேன். குழாயில் மிச்சமிருந்த தண்ணீர் வடிந்ததும் எல்லாம் ஓய்ந்தது.

உடைந்தது கீழே. மூடச் சொன்னது மேலே. ஏன் தெரியுமா?

மோட்டாரின் வேலை தண்ணீரை மாடிக்கு ஏற்றுவதோடு சரி. பிறகு குழாயில் அதைத் தள்ளுவது, மேலே நிற்கும் தண்ணீரின் எடைதான். அதனால் மேலேயே வழியை அடைத்தால்தான் கீழே பீய்ச்சுவது நிற்கும். ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மேல் 100 கிராம் எடை அழுத்தும். டேங்க் 500 லிட்டரா, 1000 லிட்டரா என்பது கணக்கே இல்லை. உயரம் மட்டும்தான் கணக்கு. எனக்கு இன்றும் வியப்பூட்டும் விஷயம் இது.

ஓட்டையிலிருந்து தண்ணீர் எவ்வளவு வேகமாகப் பாயும் என்பதை இத்தாலியரான டோரிசெல்லி 1644-இல் எழுதிவைத்தார். டேங்க் நாலு மீட்டர் உயரத்தில் இருந்தால், வேகம் மணிக்கு ஏறத்தாழ 32 கிலோமீட்டர். அதே டேங்கை எங்கள் திருவண்ணாமலைக் கோயில் ராஜகோபுரத்தின் உச்சியில், 217 அடி உயரத்தில், வைப்பதாக நினைத்துப் பாருங்கள். உயரம் 16 மடங்கு கூடுகிறது. வேகமோ 4 மடங்குதான் கூடும்: மணிக்குச் சுமார் 130 கிலோமீட்டர்! (குழாய்க்குள் உரசல் இருப்பதால் உண்மையில் கொஞ்சம் குறையும்.)

மூன்று மில்லிமீட்டர் ஓட்டை சின்னதுதானே என்று விட்டுவிடாதீர்கள். நாலு மீட்டர் உயரத்து டேங்கிலிருந்து நிமிடத்துக்கு இரண்டு லிட்டருக்கு மேல் போகும். 500 லிட்டர் டேங்க் நாலு மணி நேரத்தில் காலியாகிவிடும். சாத்தனூர் அணையிலிருந்து எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த தண்ணீர் அது.

தண்ணீர் சுவிட்ச் போர்டுப் பக்கம் தெறித்தால் மட்டும் குழாயை மறந்துவிடுங்கள். ஈரத்தில் கால் வைக்காமல் விலகி நின்று பெரியவர்களைக் கூப்பிடுங்கள். ஈரமில்லாத இடத்தில் நின்று, உலர்ந்த கையால் மெயினை அணைப்பது அவர்கள் வேலை.

அன்று பிளம்பர் கிடைக்கவில்லை. கிணற்றடியில் வாளி வைத்துச் சமாளித்தோம். மெல்லிய விரிசலாக இருந்திருந்தால், பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றியிருக்கலாம். இழுபட்ட ரப்பர் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். அந்த இறுக்கம் விரிசலைக் கொஞ்ச நேரம் அடைத்து வைக்கும்.

சத்தமே போடாத கசிவும் உண்டு. இன்றிரவு கழிவறை ஃப்ளஷ் தொட்டியில் ஒரு தம்ளர் பீட்ரூட் சாறு ஊற்றுங்கள். அரைமணி நேரம் யாரும் ஃப்ளஷை அழுத்தக் கூடாது. பிறகு கீழே பீங்கானைப் பாருங்கள். சிவப்பு தெரிந்தால், உள்ளே வாஷர் தேய்ந்திருக்கிறது. காலையில் அப்பாவிடமோ அம்மாவிடமோ சொல்லுங்கள். அதோடு, உங்கள் வீட்டு கேட் வால்வு எங்கே இருக்கிறது என்றும் கேட்டு வையுங்கள்.