கேம் திணறுகிறதா? கார்டை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, ஆசையுடன் ஒரு கேமை இன்ஸ்டால் செய்து விளையாடத் தொடங்குகிறீர்கள். முதல் பத்து நிமிடம் காட்சிகள் வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. பிறகு கார் விட்டு விட்டு நகர்கிறது. மவுஸைத் திருப்பினால் திரை யோசித்துவிட்டுத் திரும்புகிறது. விற்றவரைக் கேட்டால், "கிராபிக்ஸ் கார்டு பத்தலை சார், பெரிசா ஒண்ணு போட்டுடுங்க" என்கிறார். உடனே பணம் புரட்டக் கிளம்பிவிடாதீர்கள். எது திணறுகிறது என்பதை அரை மணி நேரத்தில் நீங்களே அளந்து கண்டுபிடிக்கலாம். அதற்குத் தேவையானவை பெரும்பாலும் உங்கள் விண்டோஸிலேயே இருக்கின்றன.

இதை ஒரு மே மாத விடுமுறையில், ஆம்பூரில் சித்தி வீட்டில் நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

ராணிப்பேட்டையில் தொடங்கி மேல்விஷாரம், வேலூர், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரை தோல் பதனிடும் தொழிலும் ஷூ தயாரிப்பும்தான் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. சித்தப்பாவுக்கு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை. சித்தி வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகமான அப்பரைக் கையால் தைத்துக் கொடுப்பவர். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலியில் கட்டிய சீட்டுப் பணத்தில்தான் தம்பிக்கு ஜனவரியில் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். மே மாதம் வருவதற்குள் கேம் திணற ஆரம்பித்துவிட்டது. புதுக் கார்டுக்கு 25 ஆயிரம் ஆகும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அடுத்த சீட்டைத் தள்ளி எடுக்கவும் சித்தி தயாராகிவிட்டார். தள்ளி எடுத்தால் எவ்வளவு நஷ்டம் என்று சீட்டு கட்டுபவர்களுக்குத் தெரியும்.

"நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, ஒரு வார்த்தை சொல்லுப்பா. கார்டு மாத்தினா சரியாயிடுமா?" என்று கேட்டார். எனக்கு அந்த நிமிடத்தில் தெரியவில்லை. அளந்து பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

எப்.பி.எஸ். என்றால் என்ன?

கேமில் நாம் பார்ப்பது அடுத்தடுத்து வரும் படங்கள். ஒரு நொடிக்கு எத்தனை படங்கள் வருகின்றன என்பதே பிரேம் ரேட். இதைச் சுருக்கமாக எப்.பி.எஸ். என்பார்கள். 60 எப்.பி.எஸ். என்றால் ஒரு படத்தைத் தயாரிக்கக் கம்ப்யூட்டருக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லி செகண்ட். 30 என்றால் 33.3 மில்லி செகண்ட்.

ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். கார் எங்கே இருக்கிறது, எதிரில் யார் வருகிறார்கள், மோதினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது ப்ராசசர். அந்தக் கணக்கை வாங்கிப் படமாக வரைவது கிராபிக்ஸ் கார்ட். இருவரில் யார் மெதுவாக வேலை செய்கிறாரோ அவருடைய வேகம்தான் கேமின் வேகம்.

இதைச் சொன்னதும் சித்தப்பா, "கட்டிங்ல இருந்து பீஸ் வரலைன்னா ஸ்டிச்சிங்ல எத்தனை மிஷின் போட்டாலும் சும்மாதான் நிக்கும். அதுதானே?" என்றார். அதேதான். ஆகவே கேள்வி, கார்ட் நல்லதா கெட்டதா என்பதல்ல. கார்ட் வேலை செய்துகொண்டிருக்கிறதா, அல்லது வேலைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறதா என்பதுதான்.

முதல் சோதனை: ரெசல்யூஷனைக் குறையுங்கள்

இதற்குச் சாப்ட்வேர் எதுவும் வேண்டாம். கேம் திணறும்போது, கேமின் செட்டிங்ஸ் மெனுவில் ரெசல்யூஷன் 1920 x 1080 என்று இருந்தால் அதை 1280 x 720 ஆக மாற்றுங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழாகக் குறைந்துவிடும். கார்ட் திணறியிருந்தால் இப்போது வேகம் நன்றாக ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் தடை வேறு எங்கோ இருக்கிறது.

தம்பி மாற்றிப் பார்த்தான். ஜிடிஏ 5 விளையாட்டில் திணறும்போது 26 எப்.பி.எஸ். இருந்தது. ரெசல்யூஷனைக் குறைத்த பின்னரும் 27தான். கடைக்காரர் சொன்னதில் எனக்குச் சந்தேகம் வந்தது அப்போதுதான்.

இரண்டாவது சோதனை: மீட்டரைப் பாருங்கள்

கேம் ஓடும்போது விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு ஜி கீயை அழுத்துங்கள். கேம் பார் கிடைக்கும். அதில் பெர்பார்மன்ஸ் என்ற சிறிய கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, குண்டூசிப் படத்தில் கிளிக் செய்தால் கேமின் மேலேயே நிற்கும். சிபியு, ஜிபியு, விராம், ராம், எப்.பி.எஸ். ஆகியவற்றை அது காட்டும். சிபியு என்பது ப்ராசசர். ஜிபியு என்பது கிராபிக்ஸ் கார்டின் சிப். விராம் அந்தக் கார்டின் சொந்த மெமரி. எப்.பி.எஸ். எண் தெரியாமல் அனுமதி கேட்டால், கொடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்திடவும்.

ப்ராசசரின் வெப்பத்தை விண்டோஸ் காட்டாது. அதற்கு எச்டபிள்யூஇன்போ என்ற இலவச புரோகிராமைப் பயன்படுத்தலாம். ப்ராசசரின் வேகத்தையும் வெப்பத்தையும் அது தனித்தனியாகக் காட்டும்.

ஒரு தாளை எடுத்து, விளையாடத் தொடங்கிய 2 நிமிடத்திலும் 15 நிமிடத்திலும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தம்பியின் தாளில் இருந்தவை:

2 நிமிடத்தில்: 74 எப்.பி.எஸ்., ஜிபியு 98 சதவீதம், ப்ராசசர் வேகம் 4.0 கிகாஹெர்ட்ஸ், வெப்பம் 88 டிகிரி.

15 நிமிடத்தில்: 26 எப்.பி.எஸ்., ஜிபியு 41 சதவீதம், ப்ராசசர் வேகம் 1.3 கிகாஹெர்ட்ஸ், வெப்பம் 100 டிகிரி.

இரண்டாவது வரியை மீண்டும் ஒருமுறை படியுங்கள். கார்ட் பாதி நேரத்துக்கு மேல் சும்மா நின்றிருக்கிறது. இந்த இடத்தில் 25 ஆயிரம் அல்ல, ஒரு லட்ச ரூபாய்க்குக் கார்ட் போட்டாலும் அதே 26தான் வந்திருக்கும்.

ப்ராசசர் ஏன் வேகத்தைக் குறைத்தது?

தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. பல இன்டெல் ப்ராசசர்களுக்கு 100 டிகிரியும், ஏஎம்டி ரைசன் ப்ராசசர்கள் பலவற்றுக்கு 95 டிகிரியும் எல்லை. அதைத் தொட்டதும் ப்ராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துச் சூட்டைக் கட்டுப்படுத்தும். இதைத் தெர்மல் த்ராட்டிலிங் என்பார்கள். இது பழுது அல்ல, பாதுகாப்பு. ஆனால் ஒழுங்காகப் பொருத்திய கம்ப்யூட்டரில் கேம் விளையாடும்போது இது வரக்கூடாது.

பக்கத்துப் பலகையைக் கழற்றினோம். ப்ராசசர் மேல் இருக்கும் மின்விசிறிக்கு அடியில் அலுமினியத் தகடுகள் வரிசையாக இருக்கும். அவற்றின் இடுக்கு தெரியவில்லை. பழுப்பு நிறத்தில் கம்பளி போல ஒரு படலம் அடைத்திருந்தது. வெறும் தெருப்புழுதி நாலு மாதத்தில் இப்படிச் சேராது. விரலில் தேய்த்துப் பார்த்த சித்தி, "இது நம்ம தோல் தூளும் நூல் பிசிறும்தான்" என்றார். அப்பர் தைக்கும் அதே அறையில்தான் கம்ப்யூட்டர் இருந்தது. அதுவும் தூசி படக்கூடாது என்று டேபிளின் அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். வெளியே தள்ளிய சூடான காற்றையே அது திரும்பத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. இன்டெல் ப்ராசசருடன் வரும் கூலரை நான்கு பிளாஸ்டிக் பின்கள் பிடித்திருக்கும். அதில் ஒன்று மேலே எழும்பியிருந்தது. பொருத்தும்போதே சரியாக இறங்கவில்லையோ, வண்டியில் வந்தபோது விடுபட்டதோ, தெரியாது. ஒரு மூலை தூக்கினாலே கூலர் ப்ராசசர் மேல் சரியாகப் படியாது.

இதோடு நம் ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலூர் பகுதியில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. மின்விசிறி அறைக் காற்றைக் கொண்டுதான் குளிர்விக்கிறது. அறை 10 டிகிரி சூடானால் உள்ளே இருக்கும் ப்ராசசரும் ஏறத்தாழ 10 டிகிரி கூடுதலாகச் சூடாகும். ஜனவரியில் ஓடிய கேம் மே மாதத்தில் திணறுவதற்கு இதுவும் காரணம்.

சுத்தம் செய்வது எப்படி?

வாரண்டி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், திறக்கலாமா என்று முதலில் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஷட் டவுன் செய்து, சுவிட்சை அணைத்து, வயரைப் பிடுங்கிவிடுங்கள். பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் மின்சாரமும் தீரும். கேபினட்டின் இரும்புப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மென்மையான, ஈரமில்லாத பெயிண்ட் பிரஷ் போதும். மின்விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு தூசியைத் தட்டி எடுங்கள். ஈரத்துணி வேண்டாம். வீட்டு வாக்குவம் கிளீனரும் வேண்டாம். அதில் உருவாகும் நிலை மின்சாரம் சிப்களைக் கெடுக்கலாம். சித்தப்பா, "கம்பெனியில கம்ப்ரசர் இருக்கு, ஒரே அடியா ஊதிடலாம்" என்றார். வேண்டாம் என்று தடுத்தேன். அந்தக் காற்றின் அழுத்தம் மிக அதிகம். கூடவே ஈரமும் வரும்.

எழும்பிய பின்னை அப்படியே அழுத்திவிட்டுப் போகக்கூடாது. கூலரைக் கழற்றி, காய்ந்த பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதிய தெர்மல் பேஸ்ட் வைத்து, எதிரெதிர் மூலைப் பின்களாகச் சேர்த்து 'கிளிக்' சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். பழக்கமில்லாதவர்கள் இதை மட்டும் தெரிந்தவரிடம் விட்டுவிடலாம். எங்களுக்குப் பிரஷுக்கும் பேஸ்ட்டுக்குமாக 280 ரூபாய் ஆனது.

கம்ப்யூட்டரை அலமாரியிலிருந்து எடுத்து, தையல் நடக்கும் இடத்திலிருந்து எதிர்ச் சுவர்ப் பக்கம், தரையில் படாமல் ஒரு ஸ்டூலின் மேல் வைத்தோம். ஒரு மணி நேரம் விளையாடிய பிறகு தாளில் எழுதியது: 75 எப்.பி.எஸ்., ஜிபியு 97 சதவீதம், வேகம் 4.0 கிகாஹெர்ட்ஸ், வெப்பம் 78 டிகிரி. இப்போதுதான் கார்ட் முழு வேலை செய்கிறது.

உங்கள் மீட்டர் சொல்வது என்ன?

1. ஜிபியு 95 சதவீதத்துக்கு மேல், எப்.பி.எஸ். குறைவு: கார்டுக்குத்தான் சுமை. கேமில் நிழல், பிரதிபலிப்பு செட்டிங்குகளைக் குறையுங்கள். அப்படியும் போதவில்லை என்றால் மட்டுமே புதுக் கார்ட் பற்றி யோசிக்கலாம்.

2. ஜிபியு குறைவு, வெப்பமும் குறைவு: ப்ராசசர் அல்லது மெமரி பின்தங்குகிறது. பின்னணியில் ஓடும் புரோகிராம்களை மூடுங்கள். இரண்டு ராம் இருந்தால், மதர்போர்ட் புத்தகத்தில் சொன்ன இரண்டு ஸ்லாட்டுகளில்தான் இருக்கின்றனவா என்று பாருங்கள். டிடிஆர்4 3200 ராம் ஒற்றைச் சேனலில் நொடிக்கு 25.6 ஜிபி தரும். இரட்டைச் சேனலில் 51.2 ஜிபி.

3. எல்லாமே குறைவு, எப்.பி.எஸ். சரியாக 30 அல்லது 60இல் நிற்கிறது: வி-சிங்க் அல்லது பிரேம் லிமிட் செட்டிங் பிடித்து வைத்திருக்கிறது.

4. விராம் நிரம்பி, அவ்வப்போது திக்குகிறது: டெக்ஸ்சர் செட்டிங்கை ஒரு படி குறையுங்கள்.

5. தொடக்கத்திலிருந்தே மிகக் குறைவு: மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது கிராபிக்ஸ் கார்டில் செருகப்பட வேண்டும்.

6. எப்.பி.எஸ். நன்றாக இருந்தும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் வித்தியாசம் தெரியவில்லை: செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே சென்று ரெப்ரெஷ் ரேட்டை மாற்றுங்கள்.

சராசரி எண்ணை மட்டும் நம்பவும் கூடாது. ஒரு நொடியில் 59 படங்கள் வேகமாக வந்து, ஒரே ஒரு படம் தாமதித்தாலும் கண்ணுக்குத் தெரியும். ஸ்காட் வாசன் 2011இல் தி டெக் ரிப்போர்ட் தளத்தில் ஒவ்வொரு படமும் எடுக்கும் நேரத்தையே தனித்தனியாக அளந்து காட்டினார். அதன் பிறகு கார்டுகளைச் சோதிப்பவர்கள் பலரும் அந்த முறைக்கு மாறினார்கள்.

சில நேரம் தவறு கேமிலேயே இருக்கும். 2015 ஜூனில் வெளியான பேட்மேன் ஆர்காம் நைட் கேமின் பிசி பதிப்பு சக்தி வாய்ந்த கம்ப்யூட்டர்களிலும் திணறியது. வெளியான மறுநாளே விற்பனையை நிறுத்திவிட்டு, அக்டோபரில்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒரு கேம் மட்டும் திணறி மற்றவை நன்றாக ஓடினால், அப்டேட் வரும்வரை காத்திருப்பதே நல்லது.

சித்தி அந்த மாதம் சீட்டைத் தள்ளி எடுக்கவில்லை. இப்போது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரை வாசலுக்கு எடுத்துச் சென்று பிரஷ் போடுவது தம்பியின் வேலை. எண்கள் எழுதிய தாளைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறான். நீங்களும் கம்ப்யூட்டர் புதிதாகவும் நன்றாகவும் இருக்கும்போதே இந்த எண்களை ஒருமுறை குறித்து வையுங்கள். பின்னால் திணறும்போது, எது மாறியிருக்கிறது என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.