கீச்சிடும் சில்லும் கேளாத செவியும்

பிறேக்கை அழுத்தும் வேளையில் சில்லுப் பக்கமிருந்து மெல்லிய கீச்சொலி எழுவதைக் கேட்டிருப்பீர்கள். பலர் வானொலியின் சத்தத்தைக் கூட்டிவிட்டுப் பயணத்தைத் தொடர்கின்றனர். (வானொலியில் நற்செய்தியே ஒலித்தாலும் பயனில்லை!) பல வாகனங்களில் அவ்வொலி வேண்டுமென்றே அமைக்கப்பட்டதாகும். பிறேக் பாட் தேய்ந்து மெலிந்ததும், அதில் பொருத்தப்பட்ட சிறு உலோகத் தகடு சுழலும் தட்டில் உரசி எச்சரிக்கிறது. அப்போதே கவனித்தால் பாட்டை மாற்றினாற் போதும். அசட்டை செய்தால் கீச்சொலி கரகரப்பாக மாறும். இரும்போடு இரும்பு உரசித் தட்டும் பழுதாகும். வேண்டிய இடத்தில் வாகனம் நில்லாது.

நம் மனச்சான்றின் உறுத்தலும் இத்தகையதே. மனிதன் இறைவனோடு தனித்திருக்கும் உள்ளறை மனச்சான்று என 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது.

2007இல் வத்திக்கான் வெளியிட்ட சாரதிகளுக்கான பத்துக் கட்டளைகளில் முதலாவது, கொலை செய்யாதே என்பதாகும். அது நமக்கில்லை என்போம். ஆயினும், முந்திச் செல்லும் பேருந்தை நோக்கி நாம் வீசும் சொற்களைப் பின்னாசனத்துப் பிள்ளைகள் கற்றுக்கொள்கின்றனர். சகோதரர்மீது சினங்கொண்டு பழிப்பதைப் பற்றி, மலைப்பொழிவில் இயேசு இதே கட்டளையோடு சேர்த்தன்றோ பேசினார்!

கராஜில் முதலில் கேட்பார்கள்: "சத்தம் எப்போது வருகிறது? திருப்பும்போதா, நிறுத்தும்போதா?" இன்றிரவு செபமாலைக்குப் பின், உங்கள் சினத்தைக் குறித்தும் அவ்வாறே கேளுங்கள். பிந்திவிட்ட அவசரமா? வேலைத்தலத்தில் பட்ட அவமானமா? அல்லது, காலையில் துணைவரிடம் கேட்காமல் விட்ட மன்னிப்பா?