வலைக்கு எத்தனை கண்கள் வேண்டும்?

மழைக்காலம் நெருங்கும்போது பல பள்ளிகளில் ஒரே பேச்சு எழுகிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு பெற்றோர் எழுந்து, "ஜன்னலுக்குக் கொசுவலை அடிச்சாத்தான் என்ன?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. தலைமையாசிரியரும் இன்னொருவரும் கடைக்குப் போவார்கள். கடைக்காரர் நான்கைந்து சுருள்களைப் பிரித்துப் போட்டு, "இது சாதா, இது நைஸ், இது ரொம்ப நைஸ். பொடிப் பூச்சிகூட நுழையாது சார்" என்பார். செலவு செய்வதுதான் செய்கிறோம், நல்லதாகவே இருக்கட்டும் என்று ரொம்ப நைஸான வலை வந்து சேரும்.

நான் பார்த்த ஒரு மாணவியர் விடுதியில் அப்படித்தான் நடந்தது. வேளாண் இடுபொருள் கடையில் கிடைக்கும் 40 மெஷ் நைலான் வலையை ஒரு நன்கொடையாளர் வாங்கிக் கொடுத்தார். தக்காளி, மிளகாய் நாற்றங்காலில் வெள்ளை ஈ புகாமல் இருக்கப் போடும் வலை அது. முதல் இரண்டு நாள் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அதன்பிறகு இரவில் அறைக்குள் புழுக்கம் தாங்கவில்லை. இருபது பேர் படுத்திருக்கும் அறை. மின்விசிறி உள்ளே இருந்த சூட்டையே சுற்றிவிட்டது. இரண்டாம் வாரம் பார்த்தபோது ஒவ்வொரு ஜன்னலிலும் வலையின் கீழ் மூலை பிரித்துச் சுருட்டி விடப்பட்டிருந்தது. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்குக் காற்று வேண்டியிருந்தது. அந்த மூலை வழியாகக் கொசுவும் வந்தது.

வலை தரமானதுதான். ஜன்னலுக்கு உரிய வலை இல்லை, அவ்வளவே.

கண்ணை எண்ணுவது

மெஷ் என்று கடையில் சொல்வது ஓர் அங்குல நீளத்தில் உள்ள கண்களின் எண்ணிக்கை. 16 மெஷ் என்றால் அங்குலத்துக்கு 16 கண்கள். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் எண்ணிக்கை வேறாக இருக்கலாம். 18க்கு 16 என்று வரும் வலை அப்படிப்பட்டது. அதில் பெரிய இடைவெளி எந்தப் பக்கமோ, அதைத்தான் பூச்சியின் வழி என்று கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆனால் மெஷ் எண் மட்டும் துளையின் அளவைச் சொல்லிவிடாது. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். அதைக் கண்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு கண்ணும் ஒரு நூலும் சேர்ந்த அகலம் கிடைக்கும். அதிலிருந்து நூலின் தடிமனைக் கழித்தால்தான் துளை. 20 மெஷ் வலையில் நூல் 0.25 மி.மீ. என்றால் துளை 1.02 மி.மீ.; வலைப் பரப்பில் ஏறத்தாழ 65 விழுக்காடு காற்றுக்குத் திறந்திருக்கும். அதே 20 மெஷ், நூல் மட்டும் 0.4 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் துளை 0.87 மி.மீ. ஆகிறது, திறந்த பரப்பு 47 விழுக்காடாக இறங்கிவிடுகிறது. கடையில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்.

நூல் 0.25 மி.மீ. என்றே வைத்து மற்ற வலைகளையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 16 மெஷ் வலையில் துளை 1.34 மி.மீ., திறந்த பரப்பு 71 விழுக்காடு. 30 மெஷ் வலையில் துளை 0.6 மி.மீ., பரப்பு பாதி. 40 மெஷ் வலையில் துளை 0.4 மி.மீட்டரைக்கூட எட்டவில்லை; திறந்த பரப்பு 37 விழுக்காடு. காற்றோட்டம் இந்த விகிதத்தைவிடவும் அதிகமாகக் குறையும். துளை சிறுக்கச் சிறுக்க நூலில் உரசித் தடைபடும் காற்றின் பங்கு கூடிக்கொண்டே போவதுதான் காரணம். விடுதியில் நடந்ததற்கு விளக்கம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

இதை வகுப்பிலேயே செய்யலாம். ஒரு தடித்த அட்டையில் ஓர் அங்குலச் சதுரம் வெட்டி எடுத்து, அந்தச் சாளரத்தை வலைத் துண்டின் மேல் வைத்து, கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் கண்களை எண்ணிவிடலாம். நூலின் தடிமனுக்கு, ஒன்பதாம் வகுப்பு அளவீடு பாடத்தில் வரும் திருகு அளவி போதும். தசமம், பரப்பு, விழுக்காடு மூன்றும் ஒரே கணக்கில் வந்துவிடுகின்றன. வலை வாங்கும் முன் கடையில் கையளவு மாதிரித் துண்டுகள் கேட்டு வாங்கி வந்து, எதை வாங்கலாம் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளையே முடிவு செய்யச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் போடும் கணக்குக்கு உண்மையான பயன் இருப்பதால் சண்டை போட்டுக்கொண்டு சரிபார்ப்பார்கள்.

எந்தப் பூச்சிக்கு எந்த வலை

பூச்சி வலைக்குள் நுழைவதை முடிவு செய்வது அதன் நீளம் அல்ல, அகலம். கொசுவுக்கு 1.2 முதல் 1.5 மி.மீ. வரை துளையுள்ள வலை போதும். நாம் படுக்கையில் கட்டும் வழக்கமான கொசுவலையில் சதுர அங்குலத்துக்கு 156 கண்கள், அதாவது 12க்கு 13. ஆகவே 16 மெஷ் அல்லது 18க்கு 16 வலை கொசுவுக்குத் தாராளம். வீட்டு ஈ இன்னும் பெரியது. அதற்கும் இதே போதும்.

கொசுவைவிடச் சிறிய பூச்சிகள் உண்டு. ஆட்டுப்பட்டி, மாட்டுத்தொழுவம், சேறு நிறைந்த குளக்கரை இவற்றை ஒட்டிய பள்ளிகளில் மாலையில் கடிக்கும் பொடிப்பூச்சிகள் 1 முதல் 3 மி.மீ. நீளமே உள்ளவை. செம்மறி ஆடுகளுக்கு நீலநாக்கு நோயைப் பரப்பும் குலிக்காய்ட்ஸ் இந்த வகைதான். சாதாரணக் கொசுவலைக்குள் இவை எளிதாக நுழைந்துவிடும். தடுக்க வேண்டுமானால் துளை 0.6 மி.மீ. அளவுக்கு இறங்க வேண்டும். அதற்கு விலையாகக் காற்றில் பாதியைக் கொடுக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். இவை வலுவாகப் பறக்கத் தெரியாத பூச்சிகள். ஓடும் மின்விசிறியின் காற்றை எதிர்த்து வந்து உட்கார அவற்றால் முடியாது. 18 அல்லது 20 மெஷ் வலையும், நன்றாகச் சுழலும் விசிறியும் சேர்ந்தால் பெரும்பாலான இடங்களில் வேலை நடந்துவிடும்.

இன்னொன்றை விடுதிப் பொறுப்பாளர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மழைக்குப் பிந்தைய வாரங்களில் இரவு விளக்கைத் தேடி வரும், எறும்பு போன்ற ஒல்லியான, செம்மஞ்சளும் கறுப்பும் கலந்த ஒரு வண்டு. பிள்ளைகள் அதை ஆசிட் பூச்சி என்பார்கள். நீளம் 7 முதல் 10 மி.மீ. இருந்தாலும் அகலம் ஒரு மி.மீ. அளவுதான். அதனால் பெரிய பூச்சியாகத் தெரிந்தும் சாதாரண வலைக்குள் புகுந்துவிடுகிறது. அது கடிப்பதில்லை, கொட்டுவதுமில்லை. தூக்கத்தில் கழுத்தின் மேல் ஊரும்போது கையால் நசுக்கிவிட்டால், அதன் உடல்நீரில் உள்ள பெடரின் என்ற நச்சு தோலைப் பொத்துவிடும். காலையில் எழுந்ததும் சூடு போட்டதுபோல் கோடாகச் சிவந்திருக்கும். நசுக்காமல் ஊதித் தள்ளவும், பட்ட இடத்தை உடனே சோப்புப் போட்டுக் கழுவவும், அந்தக் கையால் கண்ணைத் தொடாமலிருக்கவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும். வலையைவிட இங்கே விளக்குதான் முக்கியம். ஜன்னலோர வெள்ளை விளக்கை அணைத்துவிட்டு, இரவு முழுக்க எரிய வேண்டிய இடத்தில் மஞ்சள் ஒளி தரும் எல்.இ.டி. பல்பைப் போட்டால் வரும் பூச்சிகள் குறையும்.

ஒரு பழைய சோதனை

வலையால் நோயைத் தடுக்க முடியும் என்பதை 1900இல் இத்தாலியில் உயிரைப் பணயம் வைத்துச் சோதித்தார்கள். பாட்ரிக் மான்சனின் ஏற்பாட்டில் லூயி சாம்போன், ஜார்ஜ் லோ என்ற இரண்டு மருத்துவர்கள் ரோம் நகருக்கு அருகே ஆஸ்டியாவை ஒட்டிய சதுப்புநிலத்தில், மலேரியாவுக்குப் பேர்போன பகுதியில், ஒரு மரக்குடிலில் தங்கினார்கள். ஜன்னல், கதவு எல்லாவற்றுக்கும் கம்பிவலை. பகலில் வெளியே சுற்றுவார்கள். சூரியன் மறையும் முன் உள்ளே போய்விடுவார்கள். விடிந்த பிறகே வெளியே வருவார்கள். கொய்னா மருந்து சாப்பிடவில்லை. மலேரியாக் காலம் முடியும்வரை இருந்தும் இருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதற்குச் சான்றாக அது அமைந்தது.

அந்தக் குடிலில் வலையோடு கடிகாரமும் காவல் இருந்ததைக் கவனியுங்கள். மலேரியாக் கொசு இரவில் கடிப்பது. அதனால் அந்தி முதல் விடியல் வரை கதவு மூடிக் கிடந்தது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குக் கடிகாரம் நேர்மாறு. அது பகலில், குறிப்பாகக் காலையிலும் மாலை நெருங்கும் நேரத்திலும் கடிக்கும். மேசையடி, அலமாரி இடுக்கு, தொங்கும் பைகளின் நிழல் போன்ற இருட்டில் ஒதுங்கியிருக்கும். அந்த நேரத்தில் நம் வகுப்பறைக் கதவு அகலத் திறந்திருக்கிறது; திறந்தே இருக்கவும் வேண்டும். ஆகவே பகல்நேரப் பள்ளியில் ஜன்னல் வலை தருவது பாதிப் பாதுகாப்புத்தான். அதை நம்பி, தேங்காய்ச் சிரட்டையிலும் உடைந்த குடத்திலும் தேங்கிய நீரைக் கொட்டாமல் விட்டுவிடக் கூடாது. முட்டையிலிருந்து கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும் என்பதால்தான் வாரம் ஒரு முறை நீர்த் தொட்டிகளைக் காயவிடச் சொல்கிறார்கள்.

ஒரு பள்ளிக்குக் கையில் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது என்றால், வகுப்பறை ஜன்னலிலிருந்து தொடங்க மாட்டேன். முதலில் கழிவுநீர்த் தொட்டியின் காற்றுக்குழாய், அடுத்து மேல்நிலைத் தொட்டியின் வழிந்தோடும் குழாய். ஆளுக்கொரு கையகல வலைத்துண்டும் துருப்பிடிக்காத கம்பியும் போதும். இங்கும் மிக நைஸான வலை வேண்டாம், காற்றுக்குழாய்க்கு 1.2 முதல் 1.5 மி.மீ. துளையே சரி. அதற்கும் சிறியதைக் கட்டினால் தூசியும் சிலந்திவலையும் அடைத்து, குழாய் இருந்தும் இல்லாததாகிவிடும். அதன்பிறகு விடுதி அறைகள், சத்துணவுக்கூடம், கடைசியாக வகுப்பறைகள்.

பொருளும் பொருத்துவதும்

நைலான் வலை விலை குறைவு. ஆனால் வெயில் நேராகப் படும் ஜன்னலில் சில ஆண்டுகளில் பொடிந்துவிடும். இழுத்துக் கட்டினால் சதுரக் கண் கோணலாகி ஒரு பக்கம் நீண்டுவிடும். வகுப்பறைக்குக் கண்ணாடி இழை வலை பொருத்தமானது. துருப்பிடிக்காது, கண் நிலையாக நிற்கும். பென்சில் முனையால் குத்தினால் கிழியும் என்பது மட்டுமே குறை. பிள்ளைகள் கைக்கு எட்டாதபடி ஜன்னல் கம்பிக்கு வெளிப்பக்கம் பொருத்துவது நல்லது. சாம்பல் அல்லது கறுப்பு நிறம் எடுங்கள். வெள்ளை வலை வெளிச்சத்தைச் சிதறடித்து வெளியே பார்க்க விடாது.

சத்துணவுக்கூடத்துக்கு எவர்சில்வர் கம்பிவலையைத் தவிர வேறெதுவும் வேண்டாம். நைலான் அடுப்புச் சூட்டில் உருகும், எலி கடிக்கும். அங்கே 14 முதல் 16 மெஷ் போதும். அதைவிட நைஸானது எண்ணெய்ப் புகையில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அரிசி, பருப்பில் விழும் வண்டு பெரும்பாலும் மூட்டையோடு உள்ளே வருவது. அதற்கு ஜன்னல் வலை மருந்தல்ல. கடலோரப் பள்ளிகளில் இரும்புக் கம்பிவலை உப்புக்காற்றில் விரைவில் துருவேறி உதிரும் என்பதை அந்தப் பகுதி ஆசிரியர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள்.

எவ்வளவு நல்ல வலையானாலும் விளிம்பில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் பயனில்லை. ஆணியடித்து மடித்துவிட்ட வலையில் இதுதான் முதலில் நடக்கும். ஒட்டுப்பட்டை அல்லது கழற்றி மாட்டும் சட்டம் வைத்துப் பொருத்தினால் இடைவெளியும் விழாது, கழுவவும் முடியும். கழுவுவதை யாரும் நினைப்பதில்லை. வகுப்பறையில் சாக்பீஸ் தூசி உள்ளிருந்து படிகிறது, சாலைத் தூசி வெளியிலிருந்து படிகிறது. நூலின் மேல் இரு பக்கமும் 0.05 மி.மீ. தூசி படிந்தால் 0.25 மி.மீ. நூல் 0.35 ஆகிவிடும். 20 மெஷ் வலையில் அப்போது திறந்த பரப்பு எவ்வளவு என்று உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பருவத்துக்கு ஒரு முறை கழற்றி, மென்மையான துடைப்பத்தால் தட்டிச் சோப்பு நீரில் அலசி, நிழலில் காயவைத்து மாட்டினால் போதும். மாட்டும்போதே கிழிசல் எங்கே என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, அதே வலையில் வெட்டிய துண்டை வைத்து நைலான் நூலால் தைத்துவிடலாம்.