மாடிக்கு இடம் விட்ட வீடு

ஆவடியைத் தாண்டி அரக்கோணம் நோக்கிப் போகும் மின்சார ரயில், திருநின்றவூருக்கு முந்தைய நிறுத்தமாக நெமிலிச்சேரியில் நிற்கும். (குரோம்பேட்டைப் பக்கமும் ஒரு நெமிலிச்சேரி உண்டு, ஆட்டோ பிடிப்பவர்கள் கவனிக்க.) வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை போகும் சுமார் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையின் முதல் கட்டம் வந்து முடிந்ததும் இந்த ஊரில்தான். ரயிலும் சாலையும் கைகோக்கும் இடத்தில் வயல் மனையாவதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. இங்கே வாங்குகிறவர்களில் பலர் அரை கிரவுண்டுக்காரர்கள், கால் கிரவுண்டுக்காரர்கள்.

அந்த மனைகளில் எழும் வீடுகளுக்கு ஒரு முகஜாடை உண்டு. தரைத்தளம் மட்டும் முடிந்திருக்கும். உள்ளே ஒரு ஹால், ஒரு அறை, ஓரத்தில் சமையலறை. மாடிப்படி வெளிப்பக்கமாக ஏறும். மொட்டை மாடியில் பில்லர் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். பணம் சேர்ந்ததும் மேலே கட்டுவதற்கு.

பார்க்க அரைகுறையாகத்தான் இருக்கும். ஆனால் சிறிய வீட்டைப் பற்றிக் கட்டடக் கலை உலகம் அரை நூற்றாண்டாகப் பேசிவரும் முக்கியமான யோசனை அந்தக் கம்பிகளில்தான் இருக்கிறது. எத்தனை சதுர அடி என்பதைவிட, நாளைக்கு எவ்வளவு வளர முடியும் என்பதே சிறிய வீட்டின் தரம்.

பழைய சென்னையின் சிறிய வீடு வளராத வீடு. திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் இருந்த 'ஸ்டோர்'களில் நீளமான ஒரு சந்தின் இருபுறமும் குடித்தனங்கள் அடுக்கப்பட்டிருக்கும். குழாயும் கழிப்பறையும் பொது. மகனுக்குக் கல்யாணமானால் புடவையைக் குறுக்கே கட்டித்தான் அறையை இரண்டாக்க வேண்டும். 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தபின் சுற்றுவட்டாரத்தில் பெருகிய வரிசை வீடுகளும் ஏறக்குறைய அதே இனம்தான். ஓட்டுக்குப் பதில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், அவ்வளவே.

1970-ல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. குடிசைகள் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. தீ விபத்துக்குப் பயந்து வாழ்ந்தவர்களுக்குக் கான்கிரீட் கூரை பெரிய நிம்மதி. ஆனாலும் மூன்றாவது மாடியில் இருப்பவர் ஒரு அறையைக் கூடுதலாகக் கட்டிக்கொள்ள வழியில்லை. அதோடு, கட்டித்தர வேண்டிய வீடுகளின் எண்ணிக்கைக்கு அரசின் கையிலிருந்த பணம் எட்டவே இல்லை.

இங்கேதான் வேறொரு வழி பிறந்தது. 1977-ல் உலக வங்கி உதவியுடன் சென்னை நகர மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. அதன் ஒரு பகுதி, வீட்டைக் கட்டித்தராமல் மனையையும் அடிப்படை வசதிகளையும் மட்டும் தருவது. சாலை, குடிநீர், பாதாளச் சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் முதலில் வரும். ஏழைகளுக்கான மனையில் ஒரு கழிப்பறையோ அதை ஒட்டிய சிறு கட்டுமானமோ இருக்கும். மிச்சத்தை வாங்கியவரே தன் வசதிப்படி, தன் கொத்தனாரை வைத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். தவணை முறையில் பணம் செலுத்தலாம். அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் என்று தொடங்கி, பின்னால் முகப்பேர், அம்பத்தூர், ஆவடி என மேற்கே இந்தத் திட்டம் பரவியது.

கணக்கும் கெட்டிக்காரத்தனமானது. பெரிய மனைகளையும் கடைகளுக்கான இடங்களையும் கூடுதல் விலைக்கு விற்று, அந்த லாபத்தில் உள்தெருவின் சிறிய மனைகளுக்கு விலை குறைத்தார்கள். அதனால் வங்கி ஊழியரும் கூலித் தொழிலாளியும் ஒரே பேட்டையில் குடியேற நேர்ந்தது. தொடக்கத்தில் பல மனைகள் காலியாகக் கிடந்தன. மனை வாங்கியவர்களே அங்கே குடிவரவில்லை, நகரத்திலிருந்து தூரம் என்று குறை சொன்னவர்களுக்குப் பஞ்சமில்லை. மற்ற நாடுகளிலும் இதே ஏமாற்றம் பேசப்பட, 1990-களில் உலக வங்கியே இத்தகைய திட்டங்களிலிருந்து பின்வாங்கியது. பிறகு 2018-ல் 'வேர்ல்டு டெவலப்மென்ட்' ஆய்விதழில் வந்த கட்டுரை ஒன்று, சென்னையிலும் மும்பையிலும் இந்தப் பேட்டைகளை இருபது ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்து, தோல்வி என்று எழுதியது அவசரத் தீர்ப்பு என்றது. இன்று முகப்பேரில் மனை விலை விசாரித்தவர்களுக்கு அந்தக் கட்டுரை தேவைப்படாது.

இதே யோசனையை இந்தூரின் ஆரண்யா குடியிருப்பில் கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி கலையாக்கினார். சுமார் 35 சதுர மீட்டர் மனையில் கழிப்பறையும் ஓர் அறையும் தொடக்கம். தெருவைப் பார்த்த திண்ணை, படி, பால்கனி எப்படி வளரலாம் என்பதற்கு மாதிரி வீடுகளையும் கட்டிக் காட்டினார். அதற்கு 1995-ல் கட்டடக் கலைக்கான ஆகா கான் விருது கிடைத்தது. சிலியின் இக்கிகே நகரில் கட்டடக் கலைஞர் அலெஹாந்த்ரோ அரவேனா 93 குடும்பங்களுக்குப் பாதி வீடு மட்டும் கட்டித் தந்து, மறுபாதிக்கு இடம் விட்டது 2000-களில்தான். உலகம் அதை வியந்து பாராட்டியபோது அரும்பாக்கத்தில் இரண்டாவது தலைமுறை மாடி கட்டிக்கொண்டிருந்தது.

வளரும் வீட்டுக்கும் நுட்பம் வேண்டும். நாளைய மாடியின் பாரத்தை இன்றைய அஸ்திவாரம் தாங்க வேண்டும். அதனால் முதல் செலவு கூடும். திறந்து கிடக்கும் கம்பி துருப்பிடிக்கும். சிமென்ட் பால் பூசியோ மெல்லிய கான்கிரீட்டால் மூடியோ வைக்காவிட்டால், பத்து வருடம் கழித்துக் கட்டுபவர் பழைய கம்பியை நம்ப முடியாது. மாடிப்படி வெளியே இருப்பது வாஸ்துவுக்காக மட்டுமல்ல, மேல் போர்ஷனை வாடகைக்கு விட்டுக் கடனை அடைப்பதற்கு. 20-க்கு 30 அடி மனையில் இருபக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் நெருங்கினால் நடு அறை பகலிலும் இருட்டு. பழைய வீடுகளில் முற்றம் செய்த வேலையை, நாலடிக்கு நாலடி திறப்பு ஒன்று வானத்தைப் பார்த்து இருந்தாலே ஓரளவு செய்துவிடும். ஆனால் அந்த 16 சதுர அடியை விட்டுக்கொடுக்கத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை.

இன்னொரு பக்கம், சுருக்கிக் காட்டும் சாகசங்களும் உண்டு. சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் அருண் பிரபு, ஆட்டோவின் மேல் 36 சதுர அடியில் படுக்கை, சமையலறை, குளியலறை எல்லாம் வைத்து 'சோலோ' என்ற வீட்டைச் சுமார் ஒரு லட்ச ரூபாயில் செய்து காட்டினார். சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 2021-ல் 600 சதுர அடி வீடு ஒன்று முப்பரிமாண அச்சில் எழுந்தது. இரண்டும் சுவாரசியமானவை. ஆனால் நெமிலிச்சேரியில் மனை வாங்கும் குடும்பத்தின் தலைவலி வேகமாகக் கட்டுவதல்ல, தவணை தவணையாகக் கட்டுவது.

அரசின் அளவுகோலும் மெல்ல மாறியிருக்கிறது. 2011-ன் பசுமை வீடு திட்டத்தில் வீடு 300 சதுர அடி. 2024-ல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை கட்டாயம். மீதி 60-க்கு, தீப்பிடிக்காத எந்தக் கூரையையும் பயனாளியே தேர்ந்தெடுக்கலாம். நகரவாசிகளுக்கு அதே ஆண்டு ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2500 சதுர அடிவரையிலான மனையில் 3500 சதுர அடிவரை தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ கட்ட, இணையத்தில் விண்ணப்பித்தால் உடனே அனுமதி. ஆகவே மாடியை ஐந்து வருடம் கழித்துக் கட்டுவதாக இருந்தாலும், படிக்கட்டு எங்கே ஏறும், தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் எந்தச் சுவரில் இறங்கும் என்பதை முதல் வரைபடத்திலேயே போட்டுவிடச் சொல்லி இன்ஜினியரிடம் கேட்பது நல்லது.