வாயில் புண், கழுத்தில் ஏன் ஸ்கேன்?



குழுக் கூட்டங்களுக்கு வரும்போது உறுப்பினர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "வாயில ஆறாத புண்ணுன்னு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா, கழுத்துல ஸ்கேன் எடுக்கச் சொல்றாங்க. புண்ணு இருக்கிறது வாயில, கழுத்துல எதுக்கு?" இன்னும் சிலர், "ஸ்கேன் பிள்ளைத்தாச்சிக்குத்தானே எடுப்பாங்க?" என்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விகள்தான். காரணம் புரியாததால், எழுதிக் கொடுத்த சீட்டை மடித்து வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பிவிடுபவர்களும் உண்டு. அப்படித் திரும்பி வரக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

நெறி கட்டுவது எதனால்?

காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். இது நமக்குத் தெரிந்த விஷயம். நம் உடம்பில் ரத்தம் ஓடுவது போலவே நிணநீர் என்று ஒரு நீரும் மெல்லிய குழாய்கள் வழியாக ஓடுகிறது. அந்தப் பாதையில் அங்கங்கே சிறு கொட்டை போல நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன. வாய்க்காலில் வரும் குப்பை மடையில் சேர்ந்துகொள்வது போல, கிருமிகள் இந்தக் கணுக்களில் மாட்டிக்கொள்ளும். அப்போது கணு வீங்கும். அதைத்தான் நாம் நெறி கட்டியிருக்கிறது என்கிறோம்.

கழுத்தில் மட்டும் இப்படிச் சுமார் 300 கணுக்கள் உள்ளன. நாக்கு, கன்னம், ஈறு ஆகியவற்றிலிருந்து வரும் நிணநீர் முதலில் தாடைக்குக் கீழேயும் கழுத்தின் மேல் பகுதியிலும் உள்ள கணுக்களுக்குத்தான் போகும். வாயில் வந்த புண் புற்றுநோயாக இருந்தால், அதன் செல்களும் இதே பாதையில் போய் அங்கே தங்கி வளரும். அதனால்தான் வாயைப் பார்த்த கையோடு டாக்டர் கழுத்தையும் பார்க்கிறார். புண் நாக்கின் நடுவை ஒட்டி இருந்தால் கழுத்தின் இரண்டு பக்கமும் போகலாம்.

நெறி கட்டினாலே புற்றுநோய் என்று பயந்துவிட வேண்டாம். சொத்தைப் பல், தொண்டைப் புண், காசநோய் இவற்றாலும் கழுத்தில் நெறி கட்டும். ஆனால் வலியே இல்லாமல், கல் மாதிரி கெட்டியாக, நாளுக்கு நாள் பெரிதாகும் கட்டியைப் 'பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடக் கூடாது.

தடவிப் பார்த்தால் போதாதா?

டாக்டர் முதலில் கையால் தடவித்தான் பார்ப்பார். ஆனால் தசைக்கு அடியில் இருக்கும் சின்னக் கணு கைக்குத் தட்டுப்படாது. ஆரம்ப நிலை வாய்ப் புற்றுநோயில், கழுத்தில் கைக்கு ஒன்றுமே தட்டுப்படாத 100 பேரை எடுத்துக்கொண்டால், அவர்களில் 20 முதல் 30 பேருக்குக் கணுவுக்குள் நோய் ஒளிந்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க உதவும் கருவிகளில் ஒன்றுதான் ஸ்கேன்.

கர்ப்பக் காலத்தில் வயிற்றில் வைத்துப் பார்க்கும் அதே வகை ஸ்கேன்தான் இது. நம் காதுக்குக் கேட்காத ஒலியைக் கருவி உள்ளே அனுப்புகிறது. அது பட்டுத் திரும்பி வருவதை வைத்துத் திரையில் படம் தெரிகிறது. எக்ஸ்ரே போலக் கதிர்வீச்சு கிடையாது. வலியும் கிடையாது. கழுத்துச் சங்கிலியை ஒதுக்கிவிட்டு, ஜில்லென்று ஜெல் தடவிப் பார்ப்பார்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை.

திரையில் எதைப் பார்க்கிறார்கள்? நல்ல கணு அவரை விதை போல நீளவாக்கில் இருக்கும். அதன் நடுவே வெள்ளையாக ஒரு பகுதி தெரியும். நோய் ஏறிய கணு உருண்டையாகும், நடுவில் இருந்த வெள்ளை மறைந்துபோகும், ஓரம் ஒழுங்கில்லாமல் இருக்கும், ரத்த ஓட்டமும் மாறியிருக்கும். கணு பெரிதா சிறிதா என்பதை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டார்கள்.

சந்தேகம் வந்தால், ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் அந்தக் கணுவிலிருந்து கொஞ்சம் செல்களை எடுத்துப் பரிசோதிப்பார்கள். "ஊசி குத்தினா நோய் கிளம்பிப் பரவிடும்" என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பயம் வேண்டாம். இந்த மெல்லிய ஊசிப் பரிசோதனை பல ஆண்டுகளாக உலகம் முழுவதும் செய்யப்படுகிறது. ஊசி போடாமல் நாளைக் கடத்தினால்தான் நோய் பரவும்.

இந்த ஸ்கேனுக்கும் எட்டாத இடங்கள் உண்டு. தொண்டைக்குப் பின்னால் ஆழத்தில் உள்ள கணுக்களும், தாடை எலும்புக்குள் நோய் இறங்கியிருக்கிறதா என்பதும் இதில் சரியாகத் தெரியாது. அதற்கு சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கும். "ஒரு ஸ்கேன்தான் எடுத்தாச்சே, இன்னொண்ணு எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

'ஒன்றும் இல்லை' என்று வந்தால்?

இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். கணுவுக்குள் நோய் மிகச் சிறிய புள்ளியாக இருந்தால் ஸ்கேனிலும் தெரியாது. ஆகவே ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும், வாயில் ஆபரேஷன் செய்யும்போதே கழுத்துக் கணுக்களையும் எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லலாம். "கழுத்துலதான் ஒண்ணுமில்லையே, ஏன் அறுக்கணும்?" என்று குடும்பத்தில் மறுத்துவிடுகிறார்கள்.

இதற்கு நம் நாட்டிலேயே பதில் கிடைத்திருக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 2004 முதல் 2014 வரை ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஆரம்ப நிலை வாய்ப் புற்றுநோய் இருந்து, கழுத்தில் கட்டி தட்டுப்படாதவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாய் ஆபரேஷனோடு கழுத்துக் கணுக்களையும் எடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்குக் கழுத்தில் நோய் தெரிந்த பிறகு எடுத்தார்கள். 500 பேரின் முடிவுகள் 2015ல் வெளிவந்தன. 3 ஆண்டு முடிவில், முதல் பிரிவில் 100க்கு 80 பேர் உயிரோடு இருந்தார்கள். காத்திருந்த பிரிவில் 100க்குச் சுமார் 67 பேர்தான். எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆபரேஷன் தேவைப்படாது, அதை முடிவு செய்வது டாக்டர். ஆனால் 'ஒன்றும் இல்லை' என்ற ரிப்போர்ட்டை வீட்டுக்குப் போகலாம் என்ற உத்தரவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

'பரவியிருக்கிறது' என்று வந்தால்?

கழுத்துக் கணுவுக்கு நோய் போய்விட்டால், பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்பது உண்மை. மறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் கழுத்துக்குப் போவது வேறு, உடம்பு முழுக்கப் பரவுவது வேறு. கழுத்தோடு நிற்கும் நோய்க்கு ஆபரேஷன், கதிர் சிகிச்சை, மருந்து என்று வழி இருக்கிறது. குணமானவர்களும் இருக்கிறார்கள். "இனிமே என்ன இருக்கு, காசைக் கரைக்க வேணாம்" என்று அந்தப் பெண்ணே சொல்லிவிட்டு வருவாள். அவளை அப்படிச் சொல்ல விடக்கூடாது.

ஆக, ரிப்போர்ட் எப்படி வந்தாலும் அடுத்து செய்ய வேண்டியது ஒன்றுதான். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் திரும்பிப் போக வேண்டும். சிகிச்சை முடிந்த பிறகும் சொன்ன தேதியில் போக வேண்டும். நோய் திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் 2 ஆண்டுக்குள் திரும்பும்.

நம் குழு என்ன செய்யலாம்?

1. மாதம் ஒரு முறை கண்ணாடி முன் நின்று வாயைப் பார்ப்போம். நாக்கை நீட்டி இரு ஓரமும், நாக்கின் அடியும், கன்னத்தின் உள்பக்கமும் பார்க்க வேண்டும். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, 2 வாரத்தில் ஆறாத புண், வாய் முழுதாகத் திறக்க முடியாமை, கழுத்தில் கட்டி, இவற்றில் எது இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும்.

2. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும்போது, பசி தெரியாமல் இருக்கவும் பல்வலிக்கும் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. வெட்கப்பட்டு மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். "நான் புகையிலை போடுறதில்லை, வெறும் பாக்குதான்" என்பதும் பாதுகாப்பு இல்லை. பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004லேயே அறிவித்துவிட்டது.

3. ஸ்கேனுக்கும் ரிப்போர்ட் வாங்கவும் உறுப்பினரைத் தனியாக அனுப்ப வேண்டாம். குழுவில் ஒருவர் கூடப் போகட்டும். பஸ் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் உள்கடன் கொடுக்கலாம். கந்துவட்டிக்குப் போக விடவேண்டாம்.

4. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த ஸ்கேன் வசதி உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சைக்கு உதவி கிடைக்கிறது. நகையை அடகு வைப்பதற்கு முன்னால் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள்.

கடன் தவணை ஒரு வாரம் தவறினால் நாம் அந்த உறுப்பினர் வீட்டு வாசலில் போய் நிற்கிறோம். ஆஸ்பத்திரித் தேதி தவறினாலும் அதேபோலப் போய் நிற்போம். அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்துப் போடுவோம்.