டரோட் சீட்டுகளும் தன்னோக்கும்

டரோட் எனப்படும் சீட்டுக்கட்டினை வருங்காலம் உரைக்கும் கருவியாகக் கருதுவோர் பலர். மூடநம்பிக்கையென முற்றாக ஒதுக்குவோரும் உளர். இவ்விரு சாராரினும் வேறுபட்ட சிலர், தமது வாழ்க்கைச் சிக்கல்களைப் புதிய கோணத்தில் நோக்குவதற்கு அச்சீட்டுகளைப் பயன்படுத்துகின்றனர். இப்பயன்பாட்டின் இயல்பையும் எல்லையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் வரலாற்றை நோக்குவோம். டரோட் 15ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வட இத்தாலியில் தோன்றிய ஒரு விளையாட்டாகும். பெராரா அரசவையின் 1442ஆம் ஆண்டுக் கணக்கேடுகளில் இச்சீட்டுகள் பற்றிய குறிப்பு உண்டு. கிண்ணம், நாணயம், வாள், தடி என்னும் நான்கு இனங்களுக்குரிய 56 சீட்டுகளும் தனிப் படச்சீட்டுகள் 22உம் சேர்ந்து 78 ஆகும். படச்சீட்டுகளுள் 21 துரும்புகள், எஞ்சியது 'பேதை'. எம்மவர் 304 ஆடுகையில் ஓரினத்தைத் துரும்பாகத் தெரிவர். டரோட்டிலோ துரும்புகள் நிலையானவை.

இவ்விளையாட்டுச் சீட்டுகளுக்கு மறைபொருள் பின்னரே ஏற்றப்பட்டது. இவை பண்டை எகிப்தியரின் ஞானநூல் என 1781இல் பிரான்சிய அறிஞர் கூர் த ஜெபெலின் எழுதினார். எகிப்திய எழுத்துகளைச் சம்போலியன் வாசித்தறிந்த முறை வெளியானதோ 1822இல். ஆகவே, எவரும் வாசிக்க இயலாதிருந்த மொழியொன்றைச் சான்றாகக் கொண்டே அக்கூற்று எழுந்தது எனலாம். ஒக்ஸ்போட் மெய்யியலாளர் மைக்கேல் டமற் 1980இல் வெளியிட்ட விரிவான ஆய்வு, டரோட்டின் விளையாட்டு மூலத்தைத் தெளிவுற நிறுவியது.

எனினும், மூலம் பொய்யாகப் புனையப்பட்டதனால் சீட்டின் பயன் முற்றும் இல்லையாகி விடாது. 1909இல் ஏ. ஈ. வெயிற் என்பவரின் வழிகாட்டலில் பமேலா கோல்மன் சிமித் வரைந்து இலண்டனில் வெளிவந்த கட்டு இங்குக் கருதத்தக்கது. அதற்குமுன் பெரும்பாலான கட்டுகளில் இனச்சீட்டுகள் வெறும் எண்ணிக்கைக் குறிகளையே கொண்டிருந்தன. சிமித் அவற்றுள் ஒவ்வொன்றையும் ஒரு காட்சியாக்கினார். கிண்ணம் ஐந்து என்னும் சீட்டில், கரிய போர்வை அணிந்த ஒருவர் தலைகுனிந்து நிற்கின்றார். அவர்முன் மூன்று கிண்ணங்கள் கவிழ்ந்து கிடக்கின்றன. பின்புறத்தே இரண்டு கவிழாது நிற்கின்றன. அப்பால் ஓர் ஆறும் அதனைக் கடக்கும் பாலமும் உள.

இழப்பொன்றால் வருந்துபவர் இச்சீட்டைக் காணும்போது, கவிழ்ந்தவற்றை மட்டுமே காணலாம், எஞ்சிய இரண்டையும் காணலாம், பாலத்தையும் காணலாம். எது முதலிற் கண்ணிற் பட்டது என்பது அவரது மனநிலையை அவருக்கே உணர்த்துகின்றது. ஏனையவற்றை அவர் தேடிக் காணும்போது நோக்கு விரிகின்றது. குலுக்கி எடுத்த சீட்டு தற்செயலானது. அத்தற்செயலே, பழகிய எண்ணத் தடத்தினின்றும் மனத்தை விலக்குகின்றது. இதில் மறைசக்தி எதனையும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆயினும் எச்சரிக்கை அவசியம். அமெரிக்க உளவியலாளர் பேட்ரம் போரர் 1949இல் வெளியிட்ட பரிசோதனையில், 39 மாணவர்களுக்கு அவரவர் ஆளுமை விளக்கம் எனக்கூறி ஒரே வாசகமே வழங்கப்பட்டது. அதன் பொருத்தத்துக்கு மாணவர் அளித்த சராசரிப் புள்ளி ஐந்துக்கு 4.26. பொதுப்படையான கூற்றைத் தமக்கே உரியதாகக் கொள்ளும் இவ்வியல்பு சீட்டுப் பார்ப்போரிடமும் உண்டு. அண்மைக்காலத்திற் பெருகியுள்ள 'ஒராக்கிள்' சீட்டுகள் பலவற்றில் இவ்வாபத்து மிகுதி. அவற்றுக்கு நிலையான அமைப்போ தொகையோ இல்லை. அச்சிட்ட ஆறுதல் மொழி காண்போர் சிந்தனைக்கு முன்னரே விடை தந்துவிடுகின்றது.

எனவே, 'எனக்கு என்ன நேரும்?' என்று வினவுபவர் தம் தீர்மானத்தைச் சீட்டிடம் ஒப்படைக்கின்றார். நோயிலும் மணவினையிலும் இது பெருந்தீங்காய் முடியலாம். 'நான் எதனைக் காணத் தவறினேன்?' என்று வினவுபவரோ தீர்மானத்தைத் தம்மிடமே வைத்துக்கொள்கின்றார். டரோட்டின் நியாயமான பயன் இவ்விரண்டாவது வினாவின் எல்லைக்குள்ளேயே அடங்கும் என்பது எமது துணிபு.